கம்பஹாவின் ஒற்றை மரம்

க்ரூடியா சைலனிகா இலங்கையில் மட்டுமே வளரும் பூமரம். 1911-க்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. நூறு ஆண்டுகள் காத்திருந்த பின், 2012-இல் வெளியான அந்நாட்டின் தேசிய சிவப்புப் பட்டியல் அதை அழிந்துபோன இனங்களின் வரிசையில் சேர்த்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2019-இல், அந்த மரம் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அது நின்றது மனிதர் நுழையாத மழைக்காட்டில் அல்ல. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இலங்கையில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் மாவட்டங்களில் ஒன்றான கம்பஹாவில், தரலுவ என்ற ஊரில் நின்றது. கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே, அதே இடத்தின் வழியாக ஓர் அதிவேக நெடுஞ்சாலைக்குக் கோடு போடப்பட்டிருப்பது பெரிய சர்ச்சையானது.

இந்த மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் அவரையினங்களை ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்து 2017-இல் ஒரு புதிய வகைப்பாடு வெளியானது. அதன்படி க்ரூடியா வரும் துணைக்குடும்பத்தின் பெயர் டெட்டாரியோயிடே. அதில் தமிழ்நாட்டுக்கு நன்கு பழகிய மூன்று மரங்கள் இருக்கின்றன: புளி, அசோகு, ஆச்சா. அசோகின் பூவில் செம்மஞ்சளாகக் கண்ணில் படுவது இதழ் அல்ல, நிறம் ஏறிய புல்லிவட்டம். அந்தப் பூவுக்கு இதழே கிடையாது. க்ரூடியாவின் பூவும் இதழற்றதுதான். நான்கு புல்லிகள், பத்து வரையிலான மகரந்தத் தாள்கள், ஒரு சூலகம், அவ்வளவே. அசோகைப்போல் நிறத்தால் அழைக்காத சிறு பூக்கள் சரஞ்சரமாகப் பூத்து உதிர்ந்துவிடும். காய் மட்டும் பெரியது. தட்டையாக, கெட்டியாக, உள்ளே ஓரிரு பெரிய விதைகளோடு இருக்கும். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, தென்கிழக்காசியா எங்கும் இந்தப் பேரினத்தின் உறவுகள் பரவியிருக்கின்றன. பெரும்பாலானவை ஆற்றோரங்களிலும் சதுப்பான தாழ்நிலங்களிலும் வளர்பவை.

இலங்கை இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜார்ஜ் த்வைட்ஸ். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1849-இல் ஏற்றுக்கொண்டு முப்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தவர் அவர். இலங்கைத் தாவரங்கள் பற்றிய அவருடைய லத்தீன் தொகுப்பு 1858-க்கும் 1864-க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளியானது. அவர் விவரித்த இந்த மரத்தைப் பின்னர் க்ரூடியா பேரினத்துக்குள் கொண்டுவந்தவர் ஜார்ஜ் பெந்தாம். இருவரும் ஆராய்ந்த மரங்கள் உலர்ந்த கிளைகளாக ஏட்டில் ஒட்டப்பட்டு உலர்தாவரகங்களில் தங்கின. காட்டில் நின்ற மரங்கள் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கண்ணைவிட்டு மறைந்தன.

தீவுக்குள் ஒரு தீவு

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே உள்ள பாக்கு நீரிணை மிகவும் ஆழம் குறைந்தது. பனியுகங்களில் உலகின் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோதெல்லாம் இரண்டும் ஒரே நிலமாக இருந்தன. அப்படியிருக்க, இலங்கையில் மட்டுமே உள்ள செடிகள் ஏன் இத்தனை? 2012-ஆம் ஆண்டுப் பட்டியல் மதிப்பிட்ட 3,154 பூக்கும் தாவர இனங்களில் 894 வேறெங்கும் இல்லாதவை.

விடை மழையில் இருக்கிறது. இலங்கையின் தென்மேற்கு மூலை மட்டும் ஆண்டு முழுவதும் நனைந்திருக்கும் ஈரவலயம். அது நாட்டின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு. மற்ற மூன்று பங்கின் பெரும்பகுதியும், கடலுக்கு இப்பால் இராமநாதபுரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை நீளும் தமிழகக் கரைச் சமவெளியும் வறண்ட நிலம். கடல் விலகித் தரை இணைந்த காலத்தில் பாலையும் வீரையும் போன்ற உலர்நில மரங்களுக்கு அது திறந்த வழியாக இருந்தது. இன்றும் அவை இரு கரைகளிலும் நிற்கின்றன. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் மழை கேட்கும் மரத்துக்கு அந்த நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வறட்சி கடலைவிடப் பெரிய தடை. ஈரவலயத்து மரங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களும் உறவு அறுந்து தனித்தனியே மாறிக்கொண்டே போனது இப்படித்தான். குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெமோனோபோரஸ் என்ற பேரினம் முழுவதுமே இலங்கைக்கு மட்டும் உரியது. அதில் ஓர் இனம் புளத்சிங்கள பகுதியின் வதுரான சதுப்புக்காட்டோடு நின்றுவிட்டது.

அந்த ஈரவலயத்தில்தான் இலங்கையின் மக்களும் நெருங்கி வாழ்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடுகள் காப்பிக்காகவும், 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. தாழ்நிலக் காடுகளின் இடத்தைத் தென்னையும் ரப்பரும் நெல்வயலும் ஊர்களும் பிடித்தன. மலைத்தோட்டங்களின் வேலையில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் முதுகில் விழுந்தது. காட்டை இழந்த தீவின் கதையும் ஊரை இழந்த அந்த மக்களின் கதையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை.

கம்பஹாவுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றை வளர்ப்பதற்கென்றே உருவான தோட்டம்தான் கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு விதை கொடுத்த தாய்மரங்கள் அங்கே நின்றன. தமிழ்நாட்டின் ஒரகடத்தில் உள்ள டயர் ஆலைக்குள் இன்று மூட்டை மூட்டையாக இறங்கும் இயற்கை ரப்பரின் மூதாதையரைத் தேடிப் போனால் இந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும். உலகின் மறுகோடியிலிருந்து வந்த மரத்தை இவ்வளவு கவனமாகத் தொட்டிலிட்டு வளர்த்த மாவட்டத்தில், அந்த மண்ணின் சொந்த மரம் ஒன்று எண்ணிக்கை தெரியாமலே குறைந்துகொண்டிருந்தது.

பார்த்தும் தெரியாமல்

ஒரு மரம் ஊருக்குள் நூறு ஆண்டுகள் தெரியாமல் நிற்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. பூவும் காயும் இல்லாத நாளில் ஈரவலயத்து மரங்களில் பாதியை வெறும் இலையை வைத்துப் பிரித்தறிவது நிபுணருக்கே கடினம். க்ரூடியாவின் பூ சிறியது, வந்த வேகத்தில் போய்விடுவது. பூத்த வாரத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் அந்த வழியே போக வேண்டும். அவர் பேராதனை உலர்தாவரகத்தில் பழைய ஏட்டையும் பார்த்திருக்க வேண்டும். வனத்துறையின் கணக்கெடுப்பு காடுகளைப் பார்க்கும். வீட்டு வேலிக்கும் வயல்வரப்புக்கும் ஓடைக்கரைக்கும் அதன் கண் போகாது. தாழ்நிலக் காடு துண்டு துண்டாகிப் போன மாவட்டத்தில் எஞ்சிய மரங்கள் நிற்பதோ அங்கேதான்.

2012-இன் பட்டியல் மேலும் 177 இனங்களை ‘அழிந்திருக்கக்கூடும்’ என்று குறித்தது. பின்னர் தாவரவியலாளர் ஹிமேஷ் ஜயசிங்க நாடு முழுக்க நடந்து தேடியபோது அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை திரும்பக் கிடைத்தன. நல்ல செய்திதான். ஆனால் இதற்குள் கவலைக்குரிய ஒன்றும் இருக்கிறது. ஓர் இனம் அழிந்தது என்று எழுதிவிட்டால் அதைத் தேடுவதும் அதற்காகப் பணம் ஒதுக்குவதும் நின்றுவிடும், அதன் பேரில் ஒரு நிலத்தைக் காப்பாற்றும் வழக்கும் எழாது. தவறாக எழுதப்பட்ட ஓர் இறப்புக் குறிப்பு, மிச்சமிருப்பதையும் சாகவிடும் வலிமை உடையது.

கடவத்தையிலிருந்து மீரிகமவுக்கு

கொழும்பையும் மலைநாட்டையும் இணைக்கத் திட்டமிடப்பட்டது மத்திய அதிவேக நெடுஞ்சாலை. அதன் இரண்டாம் பகுதியான மீரிகம–குருநாகல் சாலை 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. முதல் பகுதி, கடவத்தையிலிருந்து மீரிகம வரை 37 கிலோமீட்டர், சீனக் கடனை நம்பியிருந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர இயலாது என அறிவித்ததும் அந்த வேலை படுத்துவிட்டது. தரலுவ மரம் இந்த முதல் பகுதியின் தடத்தில் நின்றது.

2023 பிப்ரவரியில் அதை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி பரவியது. இயற்கையாக வளர்ந்து நிற்கும் அறியப்பட்ட ஒரே க்ரூடியா சைலனிகா அது என்றே அப்போது சொல்லப்பட்டது. சூழலியலாளர்களோடு பௌத்த பிக்குகளும் கத்தோலிக்கப் பாதிரிமார்களும் மரத்தடியில் கூடினர். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் நேரில் வந்து அதற்காகக் குரல் கொடுத்தார். மதத்தின் பெயரால் எவ்வளவோ காயப்பட்ட ஒரு நாட்டில், இதழ்கூட இல்லாத பூ பூக்கும் ஒரு மரத்துக்காக இரு மதத்தவர் சேர்ந்து நின்றது சிறிய விஷயமல்ல. கோடரி தள்ளிப்போனது.

விவாதத்தின் நடுவே இரண்டு யோசனைகள் எழுந்தன. இப்படிப்பட்ட தருணங்களில் எல்லா நாடுகளிலும் எழுபவைதான் அவை. ஒன்று, மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது. மற்றொன்று, கன்று எடுத்துக்கொண்டு தாய்மரத்தை விட்டுவிடுவது. முதிர்ந்த மரத்தைப் பெயர்க்கும்போது நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி பழைய மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஆலும் அரசும் அந்த அடியைத் தாங்கி மீண்டும் வேர்விடும். எல்லா மரங்களும் தாங்கும் என்று நம்ப இடமில்லை. ஆயிரம் மரங்கள் உள்ள இனத்தில் பத்து மரத்தைப் பெயர்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரு மரமே உள்ள இடத்தில் அந்தச் சோதனைக்கு வழியே கிடையாது.

இரண்டாவது யோசனை அவசியமானது, அதில் ஐயமில்லை. பதியம், குச்சி நடவு, திசு வளர்ப்பு, விதை என எந்த வழியிலும் கன்று எடுக்க வேண்டியதுதான். ஆனால் குச்சியிலிருந்து எழும் நூறு கன்றும் மரபணுவில் ஒரே மரம். ஒன்றைத் தாக்கும் நோய் நூறையும் தாக்கும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத தன்மை மரங்களில் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட இனமானால் நூறு கன்றும் வளர்ந்து பூத்தாலும் ஒரு காய் பிடிக்காது. ஏற்றுக்கொள்ளும் இனமானாலும் நெருங்கிய கலப்பின் பலவீனம் தலைமுறைக்குத் தலைமுறை கூடும். ஈரவலயத்து மரங்கள் பலவற்றின் விதையை நெல்போல் உலர்த்திப் பத்தாயத்தில் வைக்கவும் முடியாது. உலர்ந்தால் அந்த விதை செத்துவிடும். ஆகவே தரலுவ மரம் நின்ற இடத்தில் நிற்பதும், சுற்றியுள்ள ஓடைக்கரைகளில் இரண்டாவது, மூன்றாவது மரத்தைத் தேடுவதும் கன்று வளர்ப்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடைய வேலைகள்.

ரொட்ரிகஸ் தீவில் ஒரு முன்னுதாரணம்

ஒரே ஒரு செடியிலிருந்து ஓர் இனம் மீண்ட கதை இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்தது ரொட்ரிகஸ் என்ற சிறு தீவு. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த, நட்சத்திரம்போல் வெண்பூ பூக்கும் ‘கஃபே மரோன்’ அங்கு மட்டுமே உள்ள புதர். பல பத்தாண்டுகளாக அது அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1980 வாக்கில், ஆசிரியர் காட்டிய பழைய படத்தைப் பார்த்த ஒரு பள்ளி மாணவன் அப்படியொரு செடி தன் வீட்டருகே இருப்பதாகச் சொல்லி ஒரு கிளையைக் கொண்டுவந்தான். அந்தக் கிளை கஃபே மரோன்தான் என்று உறுதியானது.

அதன்பின் செடிக்கு வந்த ஆபத்து அதன் புகழால் வந்தது. பால்வினை நோய்க்கும் மதுமயக்கத்துக்கும் அது மருந்து என்று நம்பிய மக்கள் இலையையும் பட்டையையும் உரிக்கத் தொடங்கினர். வேலி போட்டார்கள், வேலிக்கு வெளியே இன்னொரு வேலி போட்டார்கள். 1986-இல் சில குச்சிகள் விமானத்தில் கியூ தோட்டத்துக்குப் போயின. ஒன்று வேர்பிடித்தது. அது செழித்து ஆண்டுக்கணக்கில் பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 2003-இல் அங்கு பணியாற்றிய தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்டலேனா, சூலகமுடியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டுவாயில் நேரடியாக மகரந்தத்தைத் தடவிப் பார்த்தார். மீண்டும் மீண்டும் முயன்றபின் காய் பிடித்தது. அந்த வழியில் கிடைத்த விதைகள் பின்னர் ரொட்ரிகஸுக்கே திரும்பிச் சென்று முளைத்தன.

கம்பஹா மரத்துக்கும் இதே வழி பலிக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவரைக் குடும்பத்தின் பூ வேறு, காப்பிக் குடும்பத்தின் பூ வேறு. ஆனால் கஃபே மரோன் விஷயத்தில் கண்டுபிடிப்புக்கும் முதல் காய்க்கும் நடுவே இருபதாண்டுக்கு மேல் ஓடியது. அத்தனை ஆண்டுகளும் தாய்ச்செடி வேலிக்குள் உயிரோடு நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிக்கோபார்

இந்தியாவுக்கும் இப்படிப்பட்ட தீவுச் செடிகள் உண்டு. பென்டிங்கியா என்ற பனையினத்துக்குச் சென்னை ஆளுநராக இருந்த பென்டிங்க் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. அதில் இரண்டே இனங்கள். ஒன்று தமிழ்நாடு–கேரள எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில், செங்குத்துப் பாறைச் சரிவுகளில் கமுகுபோல் ஒல்லியாக நிற்பது. மற்றது நிக்கோபார் தீவுகளில் மட்டுமே உள்ளது. அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலக சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமானநிலையமும் நகரமும் மின்நிலையமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதற்காக 130 சதுர கிலோமீட்டர் வனநிலம் மாற்றப்படுகிறது. ஈடாக மரம் வளர்க்கக் குறிக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஹரியானா. ஆரவல்லியின் வறண்ட மண்ணில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் அதில் ஒரு நிக்கோபார்ப் பனைகூட இருக்காது. தீவுக்கே உரிய இனத்துக்கு ஈட்டுக்காடு என்ற கணக்கு பொருந்தாது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பார்த்தால்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் தீவு அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் கால் நூற்றாண்டில் இங்கு சிப்காட் வளாகங்கள், நான்குவழிச் சாலைகள், தொழிலாளர் விடுதிகள் என நிலத்தின் முகமே மாறிவிட்டது. பெங்களூருவுக்கு அருகே ஹொஸ்கோட்டேயில் தொடங்கும் 262 கிலோமீட்டர் விரைவுச்சாலை வந்து முடிவதும் ஸ்ரீபெரும்புதூரில்தான். காஞ்சிபுரம் மாவட்டத்துக்குச் சோறு போடும் வளர்ச்சி அது. அதை மறுப்பதற்கில்லை. இந்தச் சமவெளியின் இயல்பான காடு உலர் பசுமைமாறாக் காடு. பாலை, வீரை, காசான், களா, காரை, சூரை எனக் கட்டையும் முள்ளுமாக நெருங்கி வளர்வது. சோழமண்டலக் கரையில் அது கோயில் காடுகளிலும் சில காப்புக்காடுகளிலும் ஏரிக்கரைப் புறம்போக்குகளிலும் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கிறது. கட்டடங்களும் சாலைகளும் சூழ்ந்த அந்தத் திட்டுகளை இப்போது தீவு என்றே சொல்லலாம். ஒரு திட்டில் அழியும் செடிக்கு அடுத்த திட்டிலிருந்து விதை வந்து சேரும் வழி அடைபட்டுவிட்டது.

இங்கே திட்டங்களுக்கு முன் தாவரக் கணக்கெடுப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் பெரிய நெடுஞ்சாலைக்கும் தொழிற்பூங்காவுக்கும் அது கட்டாயம். ஆனால் வழக்கத்தில் அடிப்படைத் தரவு ஒரே பருவத்துக்குத்தான் திரட்டப்படுகிறது, அதுவும் மழைக்காலம் தவிர்த்த பருவம். காற்றின் தூசியை அளப்பதற்கு அந்த விதி சரி. செடிகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை பெய்தபின் ஐப்பசி கார்த்திகையில் கிழங்கிலிருந்து கொடியேறிப் பூக்கும் செங்காந்தள் சித்திரையில் மண்ணுக்கு மேல் இருக்காது. நில ஆர்க்கிட்களும் கிழங்குச் செடிகள் பலவும் அப்படியே. ஏரி உள்வாயில் நீர் நிற்கும்போது மட்டும் முளைக்கும் சிறு செடிகள் வேறு. கோடையில் வந்து கணக்கெடுப்பவரின் ஏட்டில் வேம்பும் சீமைக்கருவேலமும் பனையும் இடம்பெறும், மற்றவை இடம்பெறாது. தரலுவ மரம் பூக்காத நாளில் கடந்துபோனவர்கள் அதைப் பார்க்காததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

இந்தக் குறையைச் சரிசெய்யும் செலவும் பெரிதல்ல. சாலைக்கோடு வரைபடத்தில் உறுதியாவதற்கு முன், மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அந்தத் தடத்தைத் தாவரவியல் தெரிந்தவர்கள் நடந்து பார்த்தால் போதும். தாவரவியல் துறைகள் உள்ள கல்லூரிகள் சென்னையிலும் செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகமும் அதன் உலர்தாவரகமும் கோயம்புத்தூரில் இருக்கின்றன. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், பிரிவு 38-இன்கீழ், அழிவின் விளிம்பிலுள்ள இனங்களை மாநில வாரியாக அறிவித்துப் பாதுகாக்க வழி தருகிறது. அந்தப் பட்டியலில் ஓர் இனம் ஏற வேண்டுமானால் முதலில் யாரேனும் அதை மண்ணில் நின்று பார்த்திருக்க வேண்டும்.